கான்வென்ட் தொடக்கப்பள்ளியில் மகளுக்கு இடம்: பெற்றோர் என்ன செய்ய வேண்டியிருக்கும்?

ஆயர் ஈத்தாம் அம்மா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் மூத்த மகள் வரும் ஜனவரியில் ஒன்றாம் ஆண்டுக்குப் போகிறாள். பினாங்குத் தீவிலேயே ஒரு கான்வென்ட் தொடக்கப்பள்ளியில் இடம் கிடைத்திருக்கிறது. பள்ளி விட்டதும் என் அம்மா வீட்டுக்கு நடந்தே போய்விடலாம் என்பதுதான் அதைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம். இரண்டாவது காரணம் என்று யோசித்துப் பார்த்தால் எதுவும் இல்லை.

நாங்கள் இந்துக்கள். கணவர் தமிழ்ப்பள்ளியில் படித்தவர். மாமியாருக்கு இந்த முடிவில் துளியும் விருப்பமில்லை. "காலையில் சிலுவை போடச் சொல்வார்கள், ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்கு அழைத்துக்கொண்டு போவார்கள், பத்து வயதில் பேத்திக்குத் தேவாரமும் தெரியாது, தமிழும் தெரியாது" என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எங்கள் வீட்டில் யாருக்குமே தேவாரம் தெரியாது என்பது வேறு விஷயம். ஆனால் தமிழைப் பற்றி அவர் சொல்வது எனக்கும் உறுத்துகிறது.

பதிவு செய்யப் போன அன்று கையில் ஒரு கட்டுத் தாள் கொடுத்தார்கள். பெற்றோர் ஆசிரியர் சங்க நன்கொடை, கேண்டின் தினம், சனிக்கிழமைத் துப்புரவுப் பணி, வகுப்பு நூல் மூலைக்குப் புத்தகம், போதாக்குறைக்கு "பெற்றோராக உங்கள் திறமை என்ன?" என்று கேட்கும் ஒரு படிவம். என் திறமை பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் 12 மணி நேரம் நின்றுகொண்டே வேலை செய்வது. பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி மாறி வரும். கணவர் லாரி ஓட்டுகிறார். சனிக்கிழமை எந்த ஊரில் இருப்பார் என்று வெள்ளிக்கிழமை இரவுதான் தெரியும்.

இப்படிப்பட்ட பெற்றோரை அந்தப் பள்ளிகள் எப்படிப் பார்க்கின்றன? பணம் எவ்வளவு கேட்பார்கள்? கூட்டத்துக்குப் போகாவிட்டால் பிள்ளையை ஒரு மாதிரி நடத்துவார்களா? மதம், தமிழ் இரண்டைப் பற்றியும் மாமியாரிடம் சொல்வதற்கு ஏதாவது உருப்படியாக இருந்தால் சொல்லுங்கள். கான்வென்டில் பிள்ளையைப் படிக்க வைத்தவர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.


தமிழ்ப்பள்ளித் தந்தை எழுதியது:

தமிழ்ப்பள்ளியே நமது தேர்வு. மலேசியாவில் தமிழ்க் கல்வி தொடங்கியதே பினாங்கில்தான், 1816இல். 200 ஆண்டு நிறைவை 2016இல் கொண்டாடினோம். இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் இருக்கும்போது, மாமியார் சொல்வதைக் கேட்பதில் என்ன தடை? இடம் கிடைத்தால் என்ன, மாற்றிக்கொள்ளலாமே. வருத்தப்பட வேண்டாம் சகோதரி, மனத்தில் பட்டதைச் சொன்னேன்.


சில்லறைக் கணக்கு எழுதியது:

மேலே எழுதிய அண்ணனுக்கு வணக்கம். உங்கள் கட்சியை நான் மறுக்கவில்லை. ஆனால் பள்ளி விட்டதும் அந்தப் பிள்ளையைக் கூட்டி வர யாரும் இல்லை, பாட்டி வீடு பக்கத்தில் இருக்கிறது என்று அவர் எழுதியிருக்கிறார். கேட்ட கேள்விக்கு வருவோம்.

தங்கை, இதே தீவில் வேறொரு கான்வென்ட் தொடக்கப்பள்ளியில் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொருளாளராக இருக்கிறேன். என் மகள்கள் இருவரும் அங்கேதான் படிக்கிறார்கள். கணக்கு எழுதுவது என் தொழில். பள்ளியிலும் அதையே தலையில் கட்டிவிட்டார்கள்.

கான்வென்ட் என்ற பெயரைக் கேட்டுத் தனியார் பள்ளி என்றோ, சிஸ்டர்கள் நடத்தும் பள்ளி என்றோ நினைக்க வேண்டாம். 1852இல் குழந்தை இயேசு சபை சிஸ்டர்கள் பினாங்குக்கு வந்து பள்ளி தொடங்கியதிலிருந்து இந்தப் பள்ளிகளின் கதை ஆரம்பிக்கிறது. அதே ஆண்டில்தான் லசால் துறவற சபைச் சகோதரர்களும் வந்து செயின்ட் சேவியர் பள்ளியைத் தொடங்கினார்கள். இன்றைக்கு இவை அரசு உதவி பெறும் தேசியப் பள்ளிகள், அதாவது மலாய் வழியில் கற்பிப்பவை. ஆசிரியர்களுக்குச் சம்பளம் கொடுப்பது அரசாங்கம். தலைமையாசிரியரை அனுப்புவது கல்வி அமைச்சு. பாடத்திட்டம், பாடநூல், நீலப் பினஃபோர் சீருடை எல்லாம் மற்றத் தேசியப் பள்ளிகளில் உள்ளதுதான். நிலமும் கட்டடமும் மட்டும் பெரும்பாலும் திருச்சபையுடையவை. வீடு ஒருவருடையது, சமையல் இன்னொருவருடையது என்ற நிலைமை. கூரை ஒழுகினால் யார் செலவு என்ற கேள்வி அங்கேதான் பிறக்கிறது. "இது எங்கள் கட்டடம் இல்லையே" என்று ஒரு பக்கம், "எங்களிடம் பணம் இல்லையே" என்று மறு பக்கம். நடுவில் வாளியை வைத்துக்கொண்டு நிற்பது பெற்றோர் ஆசிரியர் சங்கம். உங்கள் கையில் கொடுத்த அந்தக் கட்டுத் தாளுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

மதம் பற்றி. மாமியாரிடம் இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள். நம் கூட்டரசு அரசியலமைப்பின் 12ஆம் விதி, தன் மதம் அல்லாத ஒரு மதத்தின் போதனையையோ வழிபாட்டையோ ஏற்கும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிறது. 18 வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளையின் மதத்தை முடிவு செய்வது பெற்றோர் அல்லது பாதுகாவலர் என்பதும் அதே விதியில்தான் வருகிறது. 1996ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின் 51ஆம் பிரிவு இன்னும் வெளிப்படையானது: பள்ளி வாரியம் இஸ்லாம் அல்லாத வேறு மதக் கல்வி கொடுக்கலாம், ஆனால் அரசாங்கப் பணத்தில் கொடுக்கக் கூடாது, பெற்றோரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் வேறு மதப் பிள்ளை எதையும் அதில் உட்கார வைக்கக் கூடாது. நீங்கள் கையெழுத்துப் போடாத வரையில் ஒன்றும் நடக்காது.

நடைமுறையில் பார்த்தால் இன்னும் வேடிக்கை. முஸ்லிம் பிள்ளைகள் இஸ்லாமியக் கல்விக்குப் போவார்கள். மற்ற எல்லாரும், கத்தோலிக்கப் பிள்ளைகள் உட்பட, நன்னெறிக் கல்வி வகுப்பில் உட்காருவார்கள். கத்தோலிக்கப் பள்ளியில் கத்தோலிக்கப் பிள்ளை நன்னெறி படிக்கிறாள். அவளுடைய மறைக்கல்வி ஞாயிற்றுக்கிழமை கோவிலில். திங்கட்கிழமைக் கூட்டத்தில் தேசியகீதமான நெகாராகூ, மாநிலப் பாடல், ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டு உறுதிமொழி, பள்ளிப் பாடல் என்று போகும். எங்கள் பள்ளியில் ஒரு நிமிடம் அமைதியாக நிற்கச் சொல்வார்கள், அவரவர் சாமியை நினைத்துக்கொள்ள. என் சின்னவள் அந்த நேரத்தில் அன்றைய நாசி லெமாக்கை நினைத்துக்கொள்வாளாம். மாதா சிலை ஒன்று வாசலில் இருக்கிறது. அதன் முன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டுப் போகிறவர்களில் பாதிப் பேர் நம் இந்துப் பாட்டிகள். உங்கள் மாமியாரையும் ஒருநாள் அங்கே பார்ப்பீர்கள்.

இனி பணம். சங்க நன்கொடைத் தொகையை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பெற்றோரே தீர்மானிக்கிறார்கள். எங்கள் பள்ளியில் அது குடும்பத்துக்கு ஒரு தொகை. மூன்று பிள்ளைகள் படித்தாலும் ஒரு முறைதான். கொடுக்க முடியாதவர்கள் தவணையில் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம். நன்கொடை வரவில்லை என்பதற்காகப் பாடநூலை நிறுத்தவோ பிள்ளையை வகுப்பில் எழுப்பி நிற்க வைக்கவோ யாருக்கும் உரிமை இல்லை. எங்கேயாவது அப்படி நடந்தால் மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு எழுதுங்கள். ஒரு பொருளாளராக எனக்கு எரிச்சல் தருபவர்கள் கொடுக்க முடியாதவர்கள் அல்ல. பள்ளி வாசலை மறித்துப் பெரிய காரை நிறுத்திவிட்டு, "அரசாங்கப் பள்ளியில் எதற்கு நன்கொடை" என்று கேட்பவர்கள்தான்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு மட்டும் எப்பாடு பட்டாவது போங்கள். மற்ற எதை விட்டாலும் இதை விட வேண்டாம். வரவு செலவு அறிக்கையை நான் இரவெல்லாம் விழித்துத் தயாரிப்பேன். அதைப் புரட்டிப் பார்ப்பவர்கள் சொற்பம். எல்லாரும் பேச விரும்புவது வாகன நெரிசலைப் பற்றித்தான். ஆனால் செயற்குழு தேர்வாவது அங்கே, கழிப்பறை முதலா கணினி அறை முதலா என்று முடிவாவது அங்கே. தலைமையாசிரியர் சங்கத்துக்கு ஆலோசகர். தலைவராக வருவது பெற்றோரில் ஒருவர். இந்தியப் பெற்றோர் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு, முடிந்ததும் வாசலில் நின்று "நம்மைக் கண்டுகொள்வதே இல்லை" என்று பேசிக்கொள்வதை நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். முன் வரிசையில் நாற்காலி காலியாகத்தான் கிடக்கிறது. இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள்: எந்த ஆசிரியர் எந்த வகுப்புக்கு, யாருக்கு எத்தனை மதிப்பெண் என்பதிலெல்லாம் சங்கம் தலையிட முடியாது. அதைக் கேட்க ஒரு கூட்டமே வருகிறது; நேரம் வீண்.

கேண்டின் தினத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பள்ளியின் உண்மையான குணம் அன்றைக்குத்தான் தெரியும். முன்கூட்டியே கூப்பன் விற்போம். 50 சென், 1 வெள்ளி (ரிங்கிட்) என்று கட்டம் போட்ட தாள், ஒவ்வொரு கட்டத்திலும் சங்க முத்திரை. ஒரு புத்திசாலி அதை நகல் எடுத்துக்கொண்டு வந்த நாள் முதல், தாளின் நிறத்தையும் மையின் நிறத்தையும் ஆண்டுதோறும் மாற்றுகிறோம். காலை வரை யாருக்கும் சொல்வதில்லை. ஒவ்வொரு வகுப்புப் பெற்றோரும் ஒரு கடை போடுவார்கள். முஸ்லிம் பிள்ளைகளும் சாப்பிட வேண்டும், ஆகையால் இறைச்சி எல்லாம் ஹலால் சான்றிதழ் உள்ள இடத்திலிருந்துதான் வரும். நமக்காகவும் பௌத்தர்களில் சிலருக்காகவும் மாட்டிறைச்சி கிடையாது. இது எழுதப்பட்ட விதி அல்ல. ஒரு கூட்டத்தில் ஒரு மலாய் அம்மாவே எழுந்து சொன்னார், அதற்குப் பிறகு யாரும் மாற்றவில்லை.

வடைதான் சிக்கலாக இருந்தது. பருப்பு வடையில் இறைச்சி இல்லை என்றாலும் இந்து வீட்டு வாணலி என்றால் சில முஸ்லிம் பெற்றோர் தயங்குவார்கள். அது அவர்கள் உரிமை. வாய்விட்டுச் சொல்லவும் மாட்டார்கள், பிள்ளை மட்டும் கடை முன்னால் வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடும். நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தியின் தாயார், தலைத்துணி கட்டிய, குரல் கணீரென்று ஒலிக்கும் அம்மா, தம் வீட்டு வாணலியையும் புதிதாகப் பிரித்த எண்ணெய் பாட்டிலையும் தூக்கிக்கொண்டு விடியற்காலையிலேயே வந்துவிட்டார். நம் ஆட்கள் மாவைத் தட்டிக் கொடுக்க, அவர் பொரித்தார். முதல் ஈடு கருகிவிட்டது. இரண்டாவதிலிருந்து யாரும் குறை சொல்ல முடியவில்லை. பத்தரை மணிக்கெல்லாம் மாவு தீர்ந்தது. மதியம் ஆசிரியர் அறை மேசையில் நான் ஐஸ்கிரீம் டப்பாவைக் கவிழ்த்தேன். சம்பால் எண்ணெயில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்ட கூப்பன்கள். நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்து, துடைத்து, பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட வேண்டும். வடைக் கடைக் கூப்பன்கள் மட்டும் எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி மறுபக்கம் தெரிந்தன. அந்தப் பணத்தில்தான் மின்விசிறிகள் மாறின.

உங்கள் ஷிப்டைப் பற்றி. இரவு வேலை முடித்துவிட்டு வந்து யாரும் வடை தட்ட வேண்டியதில்லை. எங்கள் சங்கத்தில் வீட்டிலிருந்தே செய்யும் வேலை எத்தனையோ இருக்கிறது: கூப்பன் வெட்டுவது, நூல் மூலைப் புத்தகங்களுக்கு அட்டை போடுவது, வகுப்புப் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் பள்ளியின் மலாய் அறிவிப்பைத் தமிழ்ப் பாட்டிகளுக்கு ஒரு வரியில் எழுதிப் போடுவது. கடைசியில் சொன்னதைச் செய்ய ஆள் கிடைப்பதில்லை. உங்கள் எழுத்தைப் பார்த்தால் நீங்கள் செய்வீர்கள் என்று தோன்றுகிறது. கணவரிடம் லாரி இருக்கிறது என்பதைத் திறமைப் படிவத்தில் எழுதினால், ஒரு சனிக்கிழமைத் துப்புரவுப் பணி முடிந்து பழைய மேசைகளை ஏற்ற எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள். முதலாளியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

தமிழைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நீளம் கூடிவிட்டது, மாலையில் எழுதுகிறேன்.


செந்தூல் ஆசிரியை எழுதியது:

நான் கோலாலம்பூர். கான்வென்டில் படித்து, பிறகு இன்னொரு கான்வென்டில் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கத்தோலிக்கக் குடும்பம். அப்பா செந்தூல் ரயில் பட்டறையில் வேலை பார்த்தார். ஞாயிறு பூசை செயின்ட் ஜோசப் கோவிலில், தமிழில்.

பொருளாளர் தங்கை எழுதியதில் பெரும்பகுதி சரி. சிலவற்றைச் சேர்க்கிறேன். 1970இல் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஆங்கில வழி மலாய் வழியாக மாறத் தொடங்கியது. அதோடு சிஸ்டர்களும் படிப்படியாக வகுப்பறையை விட்டு விலகினார்கள். ஆனாலும் பள்ளி வாரியம் என்ற ஒன்று இன்னும் இருக்கிறது. திருச்சபையின் குரல் அதன் வழியாக வருகிறது. கூரைக்கும் வாளிக்கும் நடுவில் அவர்களும் நிற்கிறார்கள், தங்கை. நிலத்தைக் காப்பாற்ற அவர்கள் அலைந்த அலைச்சல் வெளியே தெரிவதில்லை. இங்கே கோலாலம்பூரில் புக்கிட் நானாஸ் கான்வென்டின் நிலக் குத்தகையை நீட்டிக்கும் விவகாரம் 2021இல் எவ்வளவு பேசப்பட்டது என்று நினைவிருக்கும். அப்போது பழைய மாணவிகள் எந்த மதம் என்று பாராமல் ஒன்று சேர்ந்தார்கள்.

மாமியாரின் பயத்தை நான் கேலி செய்யமாட்டேன். என் காலத்தில் நெற்றிப் பொட்டை அழித்துவிட்டு வரச் சொன்ன சிஸ்டரும் இருந்தார். தீபாவளிக்கு இந்து மாணவிகளின் வீடு வீடாகப் போய் முறுக்கு சாப்பிட்டு, வீட்டில் அரிசி இருக்கிறதா என்று சமையலறை வரை எட்டிப் பார்த்துவிட்டு வந்த சிஸ்டரும் இருந்தார். இரண்டாவது வகையினர்தான் அதிகம். பெற்றோருக்கும் பள்ளிக்கும் உறவு என்று இன்று படிவம் போட்டுத் தேடுவதை அந்த அம்மையார்கள் நடந்து நடந்தே செய்தார்கள்.

மறைக்கல்வியைப் பற்றி: அதற்குப் பெற்றோரே போய்ப் பங்குக் கோவிலில் பதிவு செய்ய வேண்டும். வழியில் போகும் பிள்ளையைப் பிடித்து உட்கார வைக்கும் வழக்கம் இல்லை. எங்கள் பிள்ளைகளையே படுக்கையிலிருந்து எழுப்பி அனுப்புவது பெரும்பாடு.

இன்னொரு செய்தி, யாருக்காவது பயன்படலாம். பள்ளிக்குப் பக்கத்துப் பங்குக் கோவிலில் வின்சென்ட் தே பவுல் சபை என்ற கத்தோலிக்கத் தொண்டு அமைப்பு இருந்தால், காலணிக்கும் புத்தகப் பைக்கும் சிரமப்படும் குடும்பங்களுக்கு மதம் பார்க்காமல் உதவுவார்கள். கேட்கக் கூச்சப்படுகிறவர்களுக்காக வகுப்பாசிரியர் கேட்கலாம். நான் கேட்டிருக்கிறேன். காலணி அளவை மட்டும் சரியாக எழுதிக் கொடுக்க வேண்டும், ஒரு அளவு பெரியதாக, பிள்ளைகள் வளர்ந்துவிடுகிறார்கள்.


தமிழ்ப்பள்ளித் தந்தை எழுதியது:

பாட்டி வீட்டு விவரத்தைக் கவனிக்காமல் எழுதிவிட்டதாகச் சொல்கிறார்கள். கவனித்தேன். இருந்தாலும் சொல்வது என் கடமை என்று நினைத்தேன். சரி, முடிவு எடுத்தாகிவிட்டது என்றால் இதைச் செய்யுங்கள்: தமிழ்ப்பள்ளி ஒன்றாம் ஆண்டுப் பாடநூலை வாங்கி வீட்டில் வையுங்கள். கணவர் தமிழ்ப்பள்ளி மாணவர்தானே, லாரி இல்லாத நாளில் அரை மணி நேரம் உட்காரட்டும். பக்கத்தில் இருக்கும் தமிழ்ப்பள்ளியில் விடுமுறை முகாம் நடந்தால் கேட்டுப் பாருங்கள். என் தங்கை பிள்ளைகள் இப்படித்தான் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். பேச்சில் மட்டும் "ழ" வரவில்லை. அது தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கே வரவில்லை என்று பொருளாளர் அம்மா எழுதுவதற்கு முன் நானே எழுதிவிடுகிறேன்.


சில்லறைக் கணக்கு எழுதியது:

அண்ணா, அந்தக் கடைசி வரிக்கு நன்றி, என் வேலை மிச்சம். செந்தூல் டீச்சர், வாரியத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி; எங்கள் பள்ளி வாரியத்தில் ஒரு வயதான சிஸ்டர் இருக்கிறார், என் கணக்கில் ஒரு சென் இடித்தாலும் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு மட்டும் நான் பயப்படுகிறேன்.

தமிழுக்கு வருகிறேன். 1996 கல்விச் சட்டம் தேசியப் பள்ளி என்றால் என்ன என்று விளக்கும் இடத்திலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறது: பள்ளியில் குறைந்தது 15 மாணவர்களின் பெற்றோர் கேட்டுக்கொண்டால் சீன மொழியோ தமிழ் மொழியோ கற்பிக்க வசதி செய்து தர வேண்டும். மறுபடி படியுங்கள். ஒன்றாம் ஆண்டில் 15 பேர் என்று இல்லை. பள்ளி முழுவதிலும் 15. பல பள்ளிகளில் தமிழ் வகுப்பு இல்லாமல் போவதற்கு முதல் காரணம் யாரும் கேட்காததுதான். கேட்ட பிறகு ஆசிரியர் கிடைக்கத் தாமதமாகலாம். அது இரண்டாவது போராட்டம். கேட்காதவர்களுக்கு அந்தப் போராட்டமும் இல்லை.

எங்கள் பள்ளியில் அது எப்படி வந்தது என்றால், பிள்ளைகளைக் கூட்டிப் போகக் காத்திருக்கும் பாட்டிகளும் தாத்தாக்களும் வாசல் மரத்தடியில் உட்கார்ந்து பேசியதில்தான். ஒரு தாத்தா கோப்பு ஒன்றை வாங்கி மோட்டார் சைக்கிள் கூடைக்குள் வைத்துக்கொண்டார். வேலை முடிந்து அவசரமாக வரும் அம்மா அப்பாக்களை வாசலில் மறித்துக் கையெழுத்து வாங்கினார். தாத்தா பாட்டி கையெழுத்துச் செல்லாது, பெற்றோர் அல்லது பாதுகாவலர்தான் போட வேண்டும் என்பதில் மனிதர் படு கண்டிப்பு; தம் பேத்திக்குத் தாமே போட மறுத்து மகன் வரும் வரை காத்திருந்தார்.


ஆயர் ஈத்தாம் அம்மா எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரவு ஷிப்டு இடைவேளையில் படித்தேன். அரசியலமைப்பு 12ஆம் விதியை மாமியாரிடம் வாசித்துக் காட்டினேன். "சட்டம் எல்லாம் நன்றாகத்தான் எழுதுவார்கள்" என்றார். மாதா சிலை விஷயத்தை அவரிடம் சொல்லவில்லை. செயின்ட் ஆன் திருவிழாவுக்கு ஜூலையில் புக்கிட் மெர்தாஜாமுக்கு ஆண்டு தவறாமல் மெழுகுவர்த்தி ஏற்றப் போகிறவர் அவர். அதை நினைவுபடுத்தினால் சண்டை வரும்.

டீச்சர், காலணி அளவுக் குறிப்புக்கு நன்றி. தமிழ்ப்பள்ளி அண்ணா, பாடநூல் வாங்கக் கணவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

புதுப் பெற்றோர் புலனக் குழுவில் பெயர்களைப் பார்த்து எண்ணினேன். தமிழ்க் குடும்பங்கள் எனக்குத் தெரிந்து ஏழுதான். ஒரு குடும்பத்தில் அப்பா சீனர், அம்மா தமிழர்; பிள்ளை பெயர் சீனப் பெயர். ஒரு பஞ்சாபிக் குடும்பம், தமிழ் நன்றாகப் பேசுகிறார்கள். இவர்களைச் சேர்த்துக்கொள்ளலாமா? மேல் வகுப்புப் பெற்றோரை எனக்கு யாரையும் தெரியாது.


சில்லறைக் கணக்கு எழுதியது:

தாராளமாகச் சேர்க்கலாம். மாணவர்களின் பெற்றோர் என்றுதான் சட்டம் சொல்கிறது, எந்த இனம் என்று சொல்லவில்லை. பஞ்சாபிக் குடும்பமும் கேட்கலாம், விரும்பினால் மலாய்க் குடும்பமும் கேட்கலாம். எங்கள் பட்டியலில் ஒரு சீன அம்மா இருந்தார். வீட்டுக்கு எதிரில் தமிழர் கடை, மகள் அங்கேயே வளர்ந்தவள். இன்று அந்த வகுப்பில் எழுத்து அழகாக இருப்பது அவளுக்குத்தான். மேல் வகுப்புப் பெற்றோரைப் பள்ளி தொடங்கும் முதல் வாரம் உங்கள் அம்மா வாசலிலேயே பிடித்துவிடுவார், அவரிடம் ஒரு பேனாவைக் கொடுத்து அனுப்புங்கள். கூடவே சீன மொழிக்கும் ஒரு பட்டியல் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். இரண்டு கடிதமும் ஒரே நாளில் தலைமையாசிரியர் மேசைக்குப் போனால் அட்டவணை போட அவருக்கும் வசதி.

கடிதத்தை மலாயில் எழுதுங்கள். பிள்ளையின் பெயர், வகுப்பு, பெற்றோர் பெயர், கையெழுத்து, தேதி இருக்க வேண்டும். 15இல் நிறுத்த வேண்டாம், இருபதுக்கு மேல் வாங்கிக்கொள்ளுங்கள். நடுவில் இரண்டு குடும்பம் வீடு மாறிப் போகும். இரண்டு படி எடுத்து, ஒன்றில் அலுவலகத்தின் "பெறப்பட்டது" முத்திரையை வாங்கி வீட்டில் வையுங்கள். முத்திரை இல்லாமல் கொடுத்துவிட்டு வர வேண்டாம். நகலை பெற்றோர் ஆசிரியர் சங்கச் செயலாளருக்கும் அனுப்பி, பொதுக்கூட்ட நிகழ்ச்சி நிரலில் சேர்க்கச் சொல்லுங்கள். தீர்மானங்களை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க ஒரு கடைசித் தேதி இருக்கும். அந்தக் கட்டுத் தாளில் எங்கேயாவது அச்சிட்டிருப்பார்கள், பெரும்பாலும் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில்.